நாற்காலியிலிருந்து ஆற்றங்கரை: எல்லோருக்கும் எட்டும் மெய்நிகர் இயற்கையை அமைக்கும் முறை

டெல்டா மாவட்டங்களில் வீட்டோடு முடங்கிப்போன பெரியவர்கள் பலருக்கு ஆறு தொலைவில் இல்லை. தெருக்கோடியிலோ கொல்லைக்கு அப்பாலோதான் ஓடுகிறது. முழங்கால் தேய்மானம், பக்கவாதம், சர்க்கரை நோயால் மரத்துப்போன பாதம், மங்கிய பார்வை, ஒருமுறை விழுந்தபின் விலகாத அச்சம் ஆகியவைதாம் அவர்களுக்கும் ஆற்றுக்கும் இடையே நிற்கின்றன. அத்தகையவர்களுக்காக ஆற்றங்கரையையும் வயலையும் அலையாத்திக் காட்டையும் ஒலியாகவும் படமாகவும் பதிவுசெய்து, அவற்றோடு உடலை இதமாக அசைக்கும் பயிற்சியையும் சேர்த்து அமைப்பது எப்படி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. குடும்பத்தினர், முதியோர் இல்லப் பணியாளர்கள், இயன்முறை மருத்துவர்கள், கைப்பேசியில் படமெடுக்கத் தெரிந்த மாணவர்கள் என யாரும் இதை மேற்கொள்ளலாம். ஆனால், ஒருவரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி உண்மையான ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்ல வழி இருக்குமானால், அதைச் செய்துவிட்டுப் பிறகு இதற்கு வாருங்கள். மெய்நிகர் அனுபவம் போக முடியாதவருக்கானது. அழைத்துப் போகச் சோம்பல்படுகிறவருக்கானது அன்று.

இதனால் என்ன பயன் கிடைக்கும் என்று அளவாகவே பேச வேண்டும். அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட சிறு ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. பென்சில்வேனியாவின் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளிகளின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைப் பார்க்க முடிந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள், வலுவான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. அது உண்மையான சன்னல், உண்மையான மரம் என்பதை மறக்கக் கூடாது. திரையில் காட்டும் வாய்க்கால் நோயைத் தீர்க்கும் என்று யாருக்கும் வாக்களிக்க வேண்டாம். மனம் சிறிது இளகுவது, சிறிது நேரமாவது உடல் அசைவது, பேச ஒரு விஷயம் கிடைப்பது ஆகிய மூன்றும் கிடைத்தாலே உழைப்பு வீணாகவில்லை என்று கொள்ளலாம்.

பார்ப்பவர் நிலத்தை அறிந்தவர்

இணையத்தில் கிடைக்கும் இயற்கைப் படங்களில் பெரும்பாலானவை அந்த நிலத்தை அறியாத நகரத்தாருக்காக எடுக்கப்பட்டவை. டெல்டாவில் நிலைமை நேர்மாறானது. நாற்பது ஆண்டுகள் சம்பா பயிரிட்டவர் முன்னால் ஒரு வயலைக் காட்டினால் அவர் அதை இயற்கைக் காட்சியாகப் பார்ப்பதில்லை. களை எடுத்திருக்கிறதா, தண்ணீர் வடிந்திருக்கிறதா, நுனி கருகியது குலைநோயா என்றுதான் பார்க்கிறார். அதுவும் நல்லதே. அவருடைய அறிவை விழிக்கச் செய்யும் காட்சி, வெறுமனே அழகான காட்சியைவிட அவரை நெடுநேரம் ஈர்த்து வைக்கும். ஆனால் நோய் கண்ட வயலையோ, தண்ணீரின்றிப் பாளம் பாளமாக வெடித்த கடைமடை வயலையோ அமைதி தரும் காட்சி என்று எண்ணிக் காட்டினால், பார்த்தவர் கவலையோடுதான் எழுந்து போவார்.

அதே வயல் நிலம் வைத்திருந்தவருக்கு ஒன்றாகவும், அதில் குனிந்து நடவு நட்டவருக்கு வேறொன்றாகவும் இருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பின்னவருக்கு அது இடுப்பு வலியையும் கூலியையும் நினைவூட்டலாம். உடன் நட்டவர்களின் குலவையையும் பாட்டையும் நினைவூட்டலாம். எது என்பதை அவரிடம் கேட்காமல் அறிய முடியாது. ஆகவே கேமராவைத் தொடும் முன், யாருக்காகச் செய்கிறீர்களோ அவர்களுடன் உட்கார்ந்து, எந்த இடத்தை மீண்டும் பார்க்க விரும்புகிறார்கள், எதைப் பார்க்க விரும்பவில்லை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது கேள்விதான் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

கடலோர ஊர்களில் அந்தக் கேள்வி தவிர்க்க முடியாதது. உலகெங்கும் மன அமைதிக்கான ஒலிப்பதிவுகளில் கடலலை முதலிடம் பெறுகிறது. தமிழ்நாட்டில் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மிக அதிகமான உயிர்களைப் பறித்தது நாகப்பட்டினம் மாவட்டத்தில்தான். அங்கே அன்றைய நாளைக் கண்டவருக்கு அலையோசையைத் தாலாட்டாகப் போட்டுக் காட்டுவது கொடுமையாக முடியலாம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது தென்னந்தோப்புகளை இழந்தவர்களுக்குப் பலத்த காற்றில் தென்னை ஆடும் காட்சியும் அப்படிப்பட்டதே. இத்தகைய காட்சிகளைத் தனித் தொகுப்பாக வைத்து, கேட்பவர்களுக்கு மட்டும் தர வேண்டும்.

ஒலியிலிருந்து தொடங்குங்கள்

எல்லோருக்கும் எட்டும்படி அமைப்பது என்றால், மிகக் குறைவாகப் பார்க்கக்கூடியவரையும் மிகக் குறைவாக அசையக்கூடியவரையும் முன்னிறுத்தி அமைத்து, பிறகு மற்றவர்களுக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொண்டே போவதாகும். முதலில் கண்ணைக் கவரும் படத்தை எடுத்துவிட்டு, பார்வையற்றவர்களுக்கு என்ன செய்வது என்று கடைசியில் யோசித்தால் ஒட்டுப்போட்ட வேலையாகவே அது நிற்கும். எனவே முதல் பதிப்பு ஒலி மட்டுமே கொண்டதாக இருக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இடம் புலப்பட வேண்டும். புலப்படவில்லையென்றால் படம் சேர்த்தாலும் பெரிதாகத் தேறாது.

விடிந்தும் விடியாத பொழுதே பதிவுக்கு ஏற்றது. பேருந்துகளின் ஹாரனும் பம்புசெட்டின் இரைச்சலும் தொடங்கும் முன் குறைந்தது இருபது நிமிடம் இடைவிடாமல் பதிவுசெய்து, அதிலிருந்து பத்து நிமிடத்தைத் தேர்ந்தெடுங்கள். மார்கழி மாதத்தில் கோயில் ஒலிபெருக்கிகள் விடியலுக்கு முன்பே ஒலிக்கத் தொடங்கிவிடும்; அந்த மாதத்தில் ஊரை விட்டு விலகிய வாய்க்கால் கரையைத் தேட வேண்டியிருக்கும். மைக்கின்மேல் காற்றைத் தடுக்கும் பஞ்சு உறை கட்டாயம் வேண்டும். கைப்பேசியின் மைக்கைவிடத் தனி ரெக்கார்டர் நல்லது; அது இல்லாவிட்டால் கைப்பேசியைக் கையில் பிடிக்காமல் துணிமேல் வைத்துப் பதிவுசெய்யலாம்.

எந்த ஒலியைத் தேர்ந்தெடுப்பது என்பதில் காதின் முதுமையைக் கணக்கில் கொள்ள வேண்டும். வயது ஏற ஏறக் கூர்மையான உயர்சுருதி ஒலிகளே முதலில் கேட்காமல் போகின்றன. தேன்சிட்டின் கீச்சொலியை நீங்கள் ரசித்துச் சேர்த்திருப்பீர்கள். எண்பது வயதுக்காரருக்கு அங்கே வெறும் மௌனம்தான் இருக்கும். செம்போத்தின் அடித்தொண்டைக் குரல், மழைக்குப் பின் வயலில் எழும் தவளைக் கூட்டத்தின் இரைச்சல், மதகில் தண்ணீர் விழும் ஓசை, மாட்டின் கழுத்து மணி, மூங்கில் புதர் உரசும் கரகரப்பு ஆகியவை அவருக்கும் எட்டும். மதகின் ஓசைக்கு ஒரு குறை உண்டு: எல்லாச் சுருதிகளும் கலந்த இரைச்சலாதலால் பேச்சை விழுங்கிவிடும். விளக்கக் குரல் வரும் இடங்களில் பின்னணியைக் குரலைவிட 20 டெசிபெல் தாழ்த்தி வைப்பது, இணையத்தை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வகைசெய்யும் அணுகல்தன்மை நெறிமுறைகளில் உள்ள பரிந்துரை. காது மந்தமானவர்களுக்கு அது அவசியம்.

குயில் கூவுவது கோடையில். தை மாத அறுவடைக் காட்சியின்மேல் குயிலோசையை ஒட்டினால் கேட்பவர் சிரித்துவிடுவார். அதன்பின் மற்ற எதையும் நம்ப மாட்டார். ஒலியும் படமும் ஒரே இடத்தில், ஒரே பருவத்தில் எடுத்தவையாக இருப்பது நேர்மை சார்ந்த விஷயம் மட்டுமன்று, பயன் சார்ந்ததும்கூட. தஞ்சாவூர் என்றவுடன் பின்னணியில் வீணையை மீட்டிவிடத் தோன்றும் ஆசையையும் அடக்கிக்கொள்வது நல்லது. இசை வந்தால் காது இசையைத்தான் கேட்கும், வாய்க்காலைக் கேட்காது.

பார்வையற்றவருக்கான விளக்கக் குரல் குறைவாகவும் துல்லியமாகவும் அமைய வேண்டும். "எழில் கொஞ்சும் காவிரி" என்பது எதையும் சொல்வதில்லை. "நாம் படித்துறையின் மேல்படியில் உட்கார்ந்திருக்கிறோம், தண்ணீர் ஐந்து படி கீழே இடமிருந்து வலமாகப் போகிறது, எதிர்க்கரையில் நாணல் ஆளுயரத்துக்கு நிற்கிறது" என்பது இடத்தைக் கட்டியெழுப்புகிறது. சொல்லிவிட்டு ஒரு நிமிடமாவது பேசாமல் இருக்க வேண்டும். அந்தந்த ஊர்க்காரர் ஒருவரின் இயல்பான, நிதானமான குரலே ஏற்றது. விளம்பரக் குரல் வேண்டாம்.

எங்கே, எப்போது பதிவுசெய்வது

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்படுகிறது. நீர் இருப்பு குறைந்த ஆண்டுகளில் அது தள்ளிப்போகும். சில நாட்களில் தண்ணீர் கல்லணையை எட்டி, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரித்து விடப்படுகிறது. காய்ந்த மணலில் புதுத்தண்ணீர் நுரையோடு முன்னேறி வரும் அந்தச் சில மணி நேரத்தைப் போலப் பெரியவர்களை நாற்காலியின் நுனிக்குக் கொண்டுவரும் காட்சி வேறெதுவும் இல்லை என்பது என் கணிப்பு. தலைமடையில் எந்த நாளில் வரும், உங்கள் ஊர் வாய்க்காலுக்கு எப்போது திறப்பார்கள் என்பதைப் பாசனப் பணியாளர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான்.

ஆடி மாதத்தில் ஆறு நிறைந்து ஓடும். பதினெட்டாம் பெருக்கன்று படித்துறைகளில் கூட்டம் இருக்கும். ஐப்பசியில் மயிலாடுதுறைத் துலாக்கட்டமும் அப்படியே. கூட்டக் காட்சிகள் நினைவைக் கிளறுவதற்கு உதவும், அமைதிக்கு உதவாது. இரண்டையும் ஒரே தொகுப்பில் கலக்க வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கூரையில் மழை விழும் ஒலியை அப்போது தவறாமல் பதிவுசெய்யுங்கள். மழை ஓய்ந்ததும் வயல்களில் நத்தைகுத்தி நாரைகள் நத்தை தேடி நடப்பதைக் காணலாம். அவற்றின் நடை மிக மெதுவாக இருப்பதால், பார்வை மங்கியவரும் பின்தொடர முடிகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடுவூர் ஏரியிலும் உதயமார்த்தாண்டபுரத்திலும் பறவைகள் திரளும். இவ்விரண்டும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2022-இல் சேர்க்கப்பட்டவை. கோடியக்கரையில் அதே பருவத்தில் பூநாரைகளையும், ஆண்டு முழுவதும் புல்வெளியில் வெளிமான்களையும் எடுக்கலாம். முத்துப்பேட்டையில் அலையாத்தி மரங்களுக்கு இடையே படகு போகும் வாய்க்கால், இனிச் சொல்லப்போகும் காரணத்தால், மெய்நிகர்ப் பதிவுக்கு மிகப் பொருத்தமானது.

சரணாலயங்களுக்குள் படமெடுக்க வனத்துறையின் முன் அனுமதி பெற வேண்டும். டிரோன் வேண்டவே வேண்டாம். கூடு கட்டியிருக்கும் பறவைகளை அது கலைக்கும், மேலிருந்து பார்க்கும் காட்சி நாற்காலியில் இருப்பவருக்குத் தலைசுற்றலையும் தரும். படித்துறையில் கேமராவை வைக்கும்போது குளிப்பவர்கள் படச்சட்டத்துக்குள் வரக் கூடாது. எல்லாத் திசைகளையும் ஒருசேரப் பதிவுசெய்யும் 360 பாகைக் கேமராவில் "நான் அந்தப் பக்கம் திருப்பவில்லை" என்ற சமாதானத்துக்கே இடமில்லை. ஆளில்லாத நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். வயலில் வேலை செய்வோர் தெரிந்தால் ஒப்புதல் கேளுங்கள்.

கேமராவை அசைக்காதீர்கள்

கண் நகர்வதாகக் காணும்போது, உடலின் அசைவை உணரும் உட்காது அசையவில்லை என்று சொன்னால், அந்த முரண்பாடு குமட்டலாகவும் கிறுகிறுப்பாகவும் வெளிப்படும். வயதானவர்களுக்கு அது வெறும் அசௌகரியமன்று. எழும்போது விழுவதற்கான காரணமாகலாம். எனவே கேமராவை முக்காலியில் நிலையாக வைத்து, காட்சி தன்போக்கில் நகரட்டும் என்று விட்டுவிடுவதே அடிப்படை விதி. ஆறு ஓடட்டும், நாணல் ஆடட்டும், நாரை நடக்கட்டும். ஒவ்வொரு காட்சியும் இரண்டு மூன்று நிமிடம் நீளட்டும். காட்சிகளை மெதுவாக மங்கவைத்து மாற்றுங்கள்.

நகரும் காட்சி வேண்டுமென்று கேட்பவர்களுக்கு நடந்தபடி எடுத்த படத்தைத் தர வேண்டாம். அது காலடிக்குக் காலடி குலுங்கும். முத்துப்பேட்டைப் படகுப் பயணம் இங்கேதான் கைகொடுக்கிறது. வாய்க்கால் நீர் பெரும்பாலும் அலையின்றி இருக்கும், படகு நேராகவும் மெதுவாகவும் போகும், படகின் முனை படச்சட்டத்துக்குள் எப்போதும் தெரியும். கண்ணுக்கு அப்படி ஓர் அசையாத பற்றுக்கோடு இருந்தால் குமட்டல் குறையும்.

கேமராவின் உயரம் தரையிலிருந்து 1.1 முதல் 1.2 மீட்டர் வரை, அதாவது உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் இருக்க வேண்டும். நிற்பவரின் உயரத்தில் எடுத்தால், நாற்காலியில் இருப்பவருக்குத் தாம் மிதப்பதுபோன்ற உணர்வு வரும். குறுகிய வரப்பின்மேலும், படித்துறையின் கடைசிப் படியிலும் வைக்காதீர்கள். விழும் அச்சம் உள்ளவருக்கு இருபுறமும் தண்ணீர் தெரிவதே நெஞ்சைப் படபடக்கச் செய்யும். அடிவானம் சாய்ந்துவிடாமல் நீர்மட்டம் பார்த்து நிறுத்துங்கள்.

டெல்டாவின் நடுப்பகல் வெளிச்சம் படத்துக்கு எதிரி. கண்புரை உள்ளவர்களுக்குத் தண்ணீரில் தெறிக்கும் சூரியன் திரையையே வெண்மையாக்கிவிடும். காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை நான்கரைக்குப் பின்பும் எடுங்கள், சூரியனைக் கேமராவின் முதுகுப்பக்கம் வையுங்கள். வலிப்பு நோய் உள்ளவர்களை எண்ணி இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வண்டியில் போய்க்கொண்டே சாலையோரத் தென்னை வரிசையை எடுத்தால், மரங்களுக்கிடையே சூரியன் விட்டுவிட்டு மின்னும். மரங்கள் நெருங்கியிருந்தால் அந்த மின்னல் நொடிக்கு மூன்றைத் தாண்டிவிடும். திரையில் அதற்குமேல் எதுவும் மின்னக் கூடாது என்பதே அணுகல்தன்மை நெறிமுறைகளின் வரம்பு.

அசைவுகளைக் காட்சியிலிருந்தே எடுங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு செய்யவும், வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் தசைவலுவுக்குமான பயிற்சிகளைச் செய்யவும் பரிந்துரைக்கிறது. அந்த அளவை எட்ட இயலாதவர்களும் தம்மால் இயன்ற அளவு அசைவது நல்லது என்றும் அதுவே சொல்கிறது. நாம் அமைப்பது இந்தக் கடைசி வகையினருக்கானது. அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், இதய நோய் உள்ளவர்கள், அடிக்கடி மயக்கம் வருபவர்கள் மருத்துவரைக் கேட்டபின்பே தொடங்க வேண்டும். இன்சுலின் ஊசி போடுபவர்கள் வெறும் வயிற்றில் செய்யக் கூடாது. இவ்விரு செய்திகளும் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் குரலில் வர வேண்டும். எழுத்தில் மட்டும் வந்தால் படிக்க முடியாதவருக்குப் போய்ச் சேராது.

நாற்காலி சக்கரமில்லாததாக, கைப்பிடியுள்ளதாக, பாதம் முழுவதும் தரையில் பதியும் உயரத்தில் இருக்கட்டும். நம் வீடுகளில் உள்ள பிளாஸ்டிக் நாற்காலிகள் டைல்ஸ் தரையில் வழுக்கும். சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பாத உணர்வு குறைந்தவர்கள் வீட்டுக்குள்ளும் வார் வைத்த காலணி அணிந்துகொள்ள வேண்டும்.

"கைகளை உயர்த்தி இறக்குங்கள், பத்து முறை" என்று கட்டளையிடும் பயிற்சியைப் பலரும் இரண்டாம் நாளே கைவிடுவார்கள். கை எதற்காக உயர்கிறது என்பது காட்சியில் இருக்குமானால் அதே அசைவு எளிதாக வரும். ஆற்றங்கரைப் பாதைக் காட்சியில் உட்கார்ந்தபடியே கால்களை மாறிமாறித் தூக்கி நடக்கலாம். மண்பாதையில் நடக்கும் காலடிச் சத்தத்தை நிமிடத்துக்கு அறுபது அடி என்ற சீரான வேகத்தில் சேருங்கள். பார்க்கின்சன் நோய் உள்ளவர்கள் பலருக்குச் சீரான தாளம் அசைவைத் தொடங்குவதற்கே துணையாகிறது. கிணற்றடிக் காட்சியில் கயிறு இழுப்பதுபோல் கைகளை மாறிமாறி மார்புக்குக் கொண்டுவரலாம். தோளுக்கும் மேல்முதுகுக்கும் நல்லது, செய்து பழகியவர்களுக்குச் சொல்லித்தரவே வேண்டியதில்லை. விதை தெளிப்பதுபோல் கையை உள்ளிருந்து வெளியே வீசலாம். பறக்கும் கொக்கைப் பின்தொடர்ந்து தலையை மெதுவாக இடமிருந்து வலமாகத் திருப்பலாம். கழுத்து வலியோ தலைசுற்றலோ உள்ளவர்கள் கண்களை மட்டும் திருப்பினால் போதும்.

குனிந்து நடும் அசைவையும், இறைகூடையால் குனிந்து நிமிர்ந்து தண்ணீர் இறைக்கும் அசைவையும் பயிற்சியாக்க வேண்டாம். எலும்பு மெலிந்த முதுகுக்கு முன்வளைவு ஆபத்தானது. தவிர, வாழ்நாளெல்லாம் இடுப்பை ஒடித்த வேலையை முதுமையில் உடற்பயிற்சி என்று திருப்பிக் கொடுப்பது முறையும் அன்று.

எழுந்து நிற்கும் பயிற்சியைத் தனிப் பதிவாக, துணையாள் அருகிலிருக்கும்போது மட்டும் போடும் பதிவாக வையுங்கள். நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது, கைப்பிடியை ஊன்றி எழுந்து உட்காருவது ஆகிய இரண்டுமே தொடக்கத்துக்குப் போதும்.

சொல்லும் மொழியிலும் கவனம் வேண்டும். "இரு கைகளையும் உயர்த்துங்கள்" என்றால் பக்கவாதம் வந்தவர் முதல் சொல்லிலேயே வெளியே நிறுத்தப்படுகிறார். "எந்தக் கை எழும்புமோ அந்தக் கையை, எழும்பும் அளவுக்கு" என்று சொல்லலாம். எண்ணிக்கை சொல்லாமல் நேரம் விடுங்கள். விரும்பியவர் பன்னிரண்டு முறை செய்யட்டும், மற்றவர் மூன்று முறை. ஒவ்வோர் அசைவுக்குப் பின்னும் ஒரு நிமிடம் சும்மா ஆற்றைப் பார்க்கும் இடைவேளை கட்டாயம். மூச்சை அடக்கக் கூடாது என்று இடையிடையே நினைவூட்டுங்கள். செய்தபடியே ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கிறுகிறுப்பு வந்தால் உடனே நிறுத்த வேண்டும். நெஞ்சு வலி தணியாவிட்டால் 108-ஐ அழைக்க வேண்டும். ஒரு பதிவு பதினைந்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம்.

எழுத்து, பொத்தான், பென்டிரைவ்

காது கேளாதவர்களுக்காகப் பேச்சை மட்டுமன்றி ஒலிகளையும் எழுத்தில் தர வேண்டும்: "தொலைவில் மயில் அகவுகிறது", "மதகில் தண்ணீர் விழுகிறது". பச்சை வயலின்மேல் வெள்ளை எழுத்து கரைந்துபோகும். எழுத்துக்குப் பின்னால் கருப்புப் பட்டை போடுங்கள். எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளிமாறுபாடு இருக்க வேண்டும் என்பது நெறிமுறை. அறையின் மறுபக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு இன்னும் கூடுதலாகவே வேண்டும். தமிழ்ச் சொற்கள் நீளமானவையாதலால் ஒரு வரிக்கு நான்கைந்து சொற்களுக்கு மேல் வைக்க வேண்டாம், மெல்லிய கோட்டு எழுத்துருக்களும் வேண்டாம்.

கைப்பேசியைக் கையில் பிடித்திருப்பவர் கையை வீச முடியாது. ஆகவே தாங்கியில் நிறுத்த வேண்டும். அதைவிட, வீட்டுத் தொலைக்காட்சியே சிறந்தது. பென்டிரைவைச் செருகி, ரிமோட்டில் ஒரே பொத்தானை அழுத்தினால் தொடங்கும்படி இருக்கட்டும். பழைய தொலைக்காட்சிகளிலும் ஓட எச்.264 என்னும் காணொளிச் சுருக்க முறையில் அமைந்த எம்.பி.4 கோப்பாகச் சேமியுங்கள். நொடிக்கு 8 மெகாபிட் வீதம் பதினைந்து நிமிடப் படம் ஏறக்குறைய 900 எம்.பி. வரும். கைப்பேசிக்கு அனுப்பும் பதிப்பை 2 மெகாபிட்டுக்குக் குறைத்தால் 225 எம்.பி.-யில் அடங்கும். ஒலி மட்டும் உள்ள பதிப்பை இன்னும் எளிதாக அனுப்பலாம். மின்வெட்டிலும் அது ஓடும். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்கும்படி வைக்காதீர்கள். நினைவு தடுமாறுபவர்கள் நிறுத்தத் தெரியாமல் களைத்துப்போவார்கள். அத்தகையவர்களோடு ஒருவர் உடனிருந்து, இது படம் என்பதை இயல்பாகச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மடை திறக்கப் போக வேண்டுமென்று எழுந்துவிடக்கூடும்.

நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள்

பேரன் வயதுப் பிள்ளை உழைத்துச் செய்த ஒன்றை எந்தப் பெரியவரும் குறை சொல்ல மாட்டார். "நல்லாருக்குப்பா" என்றுதான் சொல்வார். அந்தப் பதிலால் வடிவமைப்பாளருக்கு ஒன்றும் தெரியவராது. பதிலாக, ஓடும்போது அவர் முகத்தையும் காலையும் கவனியுங்கள். எந்த இடத்தில் கண் திரையை விட்டு விலகுகிறது, எந்தச் சொல்லில் தயங்குகிறார், கால் எப்போது தாளத்தோடு சேர்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தபின், "இதில் எந்த இடத்தை வெட்டிவிடலாம்?" என்று கேட்டால் உண்மையான விடை வரும். பார்வையற்ற ஒருவர், காது கேளாத ஒருவர், சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் ஆகியோரிடமாவது காட்டாமல் ஊருக்குத் தர வேண்டாம்.

மெய்நிகர்க் கண்ணாடி, கடைசியாக

தலையில் மாட்டும் மெய்நிகர்க் கண்ணாடி கிடைத்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் அதிலிருந்து தொடங்கினால் இதுவரை சொன்னவர்களில் பாதிப் பேர் விடுபட்டுப்போவார்கள். பரவலாகக் கிடைக்கும் கண்ணாடிகளின் எடை ஏறக்குறைய அரைக் கிலோ. கழுத்தெலும்பு தேய்ந்தவர்களுக்கு அது பாரம். பின்பட்டை கொண்டையில் இடறும், தலையெண்ணெய் பட்டையில் ஊறும், மூக்குக் கண்ணாடியோடு மாட்டினால் இரண்டு கண்ணாடியும் கீறும். ஒருவர் மாட்டியபின் முகத்தில் படும் பஞ்சைத் துடைக்காமல் அடுத்தவருக்குத் தரக் கூடாது. எங்கள் பக்கத்து வெயிலிலும் புழுக்கத்திலும் ஒருமுறை பயன்படுத்தி வீசும் துணியுறை இருப்பது இன்னும் நல்லது. பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் தயாரிப்பாளரின் எச்சரிக்கைக் குறிப்பைப் படித்து, மருத்துவரிடம் கேட்ட பின்பே அணியலாம். வலிப்பு நோயும் தலைசுற்றல் நோயும் உள்ளவர்களுக்கு இது வேண்டாம்.

படத்தின் தெளிவைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. 5.7கே என்று விற்கப்படும் 360 பாகைக் கேமராவின் 5760 புள்ளிகளும் சுற்றுவட்டம் முழுவதற்குமானவை. பார்ப்பவர் ஒரு நேரத்தில் காணும் 90 பாகைக்குள் 1440 புள்ளிகளே விழும். அதனால் தொலைவிலுள்ள பூநாரைக் கூட்டம் வெண்புள்ளிகளாகத்தான் தெரியும். கண்ணாடிக்காக எடுக்கும்போது ஐந்தாறு மீட்டருக்குள் சுவாரசியமான ஏதேனும் இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்: நாணல் புதர், மதகின் ஓரம், தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும் தாழ்ந்த கிளை. பார்க்க வேண்டியதை முன்பக்க அரைவட்டத்துக்குள் வையுங்கள். முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கச் சொல்ல வேண்டாம்.

முதல் முறை மூன்று நிமிடம், பழகியபின் அதிகபட்சம் பத்து நிமிடம், எப்போதும் உட்கார்ந்தபடி, எப்போதும் தோளருகே ஒரு துணையாள். கண்ணாடியோடு எழுந்து நிற்கும் பயிற்சிகளைச் செய்ய வேண்டாம். கை வீச்சும் உட்கார்ந்த நடையும் மட்டும் செய்யலாம், அதுவும் கைக்கெட்டும் தூரத்தில் மேசையோ விளக்கோ இல்லாதபோது. கழற்றியபின் இரண்டு நிமிடம் அறையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்து, ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு, பிடித்துக்கொண்டுதான் எழ வேண்டும். குமட்டல் இருந்தது என்று சொன்னவருக்கு அன்றைக்கு மீண்டும் மாட்ட வேண்டாம். அடுத்த முறையும் அதுவே நேர்ந்தால், தொலைக்காட்சிப் பதிப்பையோ ஒலிப் பதிப்பையோ அவருக்குரியதாக வைத்துக்கொள்ளுங்கள்.